தும்பிக்கை ஒட்டாத யானை

ஏனாத்தூரில் கல்லூரி முடித்ததும் நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு மொபைல் கேம் செய்யத் தொடங்கினோம். கோவில் யானை ஒன்று மாடவீதிகளில் ஓடுவதுதான் விளையாட்டு. யானையைத் துண்டு துண்டாகப் படம் வரைந்து, கம்ப்யூட்டரிலேயே அதற்குள் எலும்புகள் போன்ற கோடுகள் பொருத்தி அசைய வைப்பது அவன் வேலை. புரோகிராம் எழுதுவது என் வேலை. சென்னையில் வேலை கிடைத்ததும் புராஜெக்டை எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டுக் கிளம்பினான்.

இம்போர்ட் செய்து பார்த்தால் யானை துண்டு துண்டாக நின்றது. எலும்புகள் சரியான இடத்தில்தான் இருந்தன. படங்கள் மட்டும் சிறுத்து, தும்பிக்கை முகத்தைத் தொடாமல் தனியே தொங்கியது. இரண்டு நாள் முட்டிமோதிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

“ஃபைல் பெருசா இருக்குதுன்னு மெயில்ல போவலபா. படத்தையெல்லாம் பாதியா சுருக்கிட்டேன். ஸ்கேல் ரெண்டுன்னு போடு, ஒட்டிக்கும்.”

“ஒரிஜினல் எங்கடா?”

“பழைய லேப்டாப்ல இருந்துச்சு. அத அழிச்சி அக்காவுக்குக் குடுத்துட்டேன்பா.”

“மறுபடி வரைஞ்சி தர்றியா?”

“எங்கப்பா டைம் இருக்குது? மீட்டிங் கூப்பிட்றாங்க, வெச்சிடறேன்.”

படங்களின் அளவைக் கூட்டும் ஸ்கேலை இரண்டாக்கினேன். தும்பிக்கை முகத்தோடு சேர்ந்தது, யானை நடந்தது. ஆனால் சுருக்கிய படத்தைப் பெரிதாக்கியதில் அதன் கண், தண்ணீர் பட்ட மைபோலக் கலங்கிக் கிடந்தது. அந்தக் கண்ணுக்காக அவன் எத்தனையோ நாள் காலையில் நிஜக் கோவில் யானையின் எதிரே நோட்டோடு நின்றிருக்கிறான். எனக்கு வரைய வராது. அதன்பின் நாங்கள் இருவரும் அந்த விளையாட்டைப் பற்றிப் பேசவே இல்லை.