முந்நூறு பாஸ்

அந்த ஸ்டேஷனில் இருபத்தொன்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவரை ஊரில் எல்லாரும் ‘ஜன்னல் சார்’ என்றுதான் சொல்வார்கள். கம்பி போட்ட கவுன்ட்டருக்குப் பின்னால் நெஞ்சுக்கு மேலே மட்டும் பார்த்துப் பழகியவர்கள். கடைத்தெருவில் முழு ஆளாக எதிரே வந்தால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. அவரே முந்திக்கொண்டு சிரித்து வைப்பார்.

அவர் வேலைக்கு வந்தபோது அதை ஸ்டேஷன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு தகரக் கொட்டகை, மண்ணைக் கொட்டி மேடாக்கிய நடைமேடை, தண்ணீர் வராத ஒரு குழாய், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு வண்டி நிற்கும். பிறகு நகரத்தில் ஆபீஸ்களும் ஆஸ்பத்திரிகளும் பெருகப் பெருக, இங்கே வீடு எடுத்துத் தங்கி அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வந்து குவிந்தார்கள். சிமென்ட் நடைமேடை வந்தது, மின்விசிறி போட்ட காத்திருப்புக் கூடம் வந்தது, மேம்பாலம் வந்தது. மேம்பாலத்துக்கு மட்டும் ஜன்னல் சார் பதினோரு மனு எழுதியிருக்கிறார். கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் மனைவியோடும் ஒரே மகளோடும் குடியிருந்தார். மகள் காலை முதல் வண்டிச் சத்தத்தில் கண் விழித்தே வளர்ந்தவள். இப்போது நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை.

ஊருக்கு ஒரே ஒரு கஷ்டம். நகரத்து வண்டிகள் எல்லாம் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, பாதையின் கடைசி ஸ்டேஷனில் புறப்பட்டு வரும். இங்கே வரும்போது எள் போட்டால் எள் விழாது. ஐம்பது நிமிஷமும் நின்றபடிதான். ஒரு நாள் ஒரு டீச்சர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்து ஜன்னலில் புலம்பினாள்.

“உக்கார இடம் கெடைச்சா வழியிலயே திருத்திடுவேன் சார். நின்னுக்கிட்டு எங்க திருத்துறது?”

ஜன்னல் சாருக்கு மனசு கேட்கவில்லை.

“ஒண்ணு பண்ணுங்க டீச்சர். இங்கேருந்து எடுத்தாலும் கடைசி ஸ்டேஷன்லேருந்து எடுத்தாலும் மாசப் பாஸுக்கு ஒரே ரேட்டுதான். நான் அந்த ஸ்டேஷன் பேர்லயே எழுதித் தரேன். கொஞ்சம் முன்னாடியே வந்து, எதிர்ப்பக்கம் போற வண்டியில ஏறி அங்க போயிடுங்க. அதே வண்டிதான் திரும்பி வரும். ஜம்முனு உக்காந்து போலாம்.”

டீச்சர் வாய் சும்மா இருக்குமா? இரண்டு வருஷத்தில் ஊரே பின்பக்கமாகப் போய் முன்பக்கமாக வந்தது. நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். பெண்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் கடைசி ஸ்டேஷன் பெயரில் பாஸ் எழுதிக் கொடுத்தவர் இவர்தான். ‘நம்ம சார் மூளையே மூளை’ என்று சொல்லக் கேட்டு, பாவி மனுஷன் பூரித்தும் போனார்.

அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. இந்த ஸ்டேஷன் பெயரில் உள்ள பாஸ்கள் நாற்பத்து மூன்று. மூன்று மாதத்துக்குள் முந்நூறு ஆகாவிட்டால் ஸ்டேஷன் மூடப்படும். ஜன்னல் சார் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நேரிலேயே போனார்.

“ஆயிரம் பேர் ஏறுறாங்க சார். ஒரு நாள் வந்து பாருங்க.”

அதிகாரி பாஸ் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். “காகிதம் நாப்பத்து மூணுங்குது. இது யாரு எழுதினது?”

“நான்தான் சார்.”

தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது? திரும்பி வந்தவர் கூடத்தில் ஊரைக் கூட்டினார். “மூணே மாசம் நம்ம ஊர் பேர்ல பாஸ் எடுங்க. நின்னுக்கிட்டுப் போங்க. ஸ்டேஷன் தப்பிச்சிடும்,” என்றார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

கை தட்டியவர்கள் ஜன்னலுக்கு வந்ததும் ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். ஒருவருக்கு முட்டி வலி. இன்னொருவருக்கு இந்த மாதம் மட்டும் வேண்டாம், அடுத்த மாதம் கட்டாயம். டீச்சருக்கு மறுபடியும் பரீட்சைப் பேப்பர். “எல்லாரும்தான் எடுக்குறாங்களே சார், நான் ஒருத்தன் எடுக்காட்டி என்ன?” என்று கேட்காதவன் இல்லை. அந்த ‘எல்லாரும்’ யாரென்று பார்த்துவிட ஜன்னல் சாருக்கு ரொம்ப ஆசை.

மகள் மட்டும், “நான் நகரத்துக் கவுன்ட்டர்லயே எடுத்துட்டேம்பா, நம்ம ஊர் பேர்லதான்,” என்று சொல்லியிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், “எம் பொண்ணு நின்னுக்கிட்டுத்தான் போறா,” என்று மார்தட்டினார்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, இங்கே எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்கக் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு நடைமேடைக்குப் போனார். கடைசி ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்து நின்றது. அவருக்கு நேர் எதிரே, ஜன்னலோரம், கம்பியில் தலை சாய்த்து மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டி எழுப்பலாமென்று கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் கேட்டார். அவள் மறைக்கவில்லை.

“நாள் பூரா லேப்ல நின்னுட்டு, போகவும் நின்னுக்கிட்டேவா போவாங்க? என் ஒருத்தி பாஸுக்காகவாப்பா மூடப் போறாங்க?”

“விடுங்களேன், பச்சப் புள்ளைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்குறீங்க,” என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். ஊர் பொய் சொன்னபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. இவள் பொய் சொன்னபோது அதுகூட வரவில்லை. அன்றிலிருந்து மகளிடம் பேச வேண்டியதை மனைவி மூலமாகவே பேசினார்.

கடைசிக் கணக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஊர்ப் பெயர்ப் பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கூடத்து மின்விசிறிகளையும் விடவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, தெருக்கோடியில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஜன்னல் சாருக்குக் கடைசி ஸ்டேஷன் கவுன்ட்டருக்கே மாற்றல். வண்டிகள் இப்போது ஊரை நிற்காமல் தாண்டுகின்றன. ஊர் ஜனம் முண்டியடித்து வேனில் ஏறி, கூன் போட்டு நின்றபடி, கடைசி ஸ்டேஷனுக்கு வருகிறது.

மாத முதல் தேதி பாஸ் வரிசை நீளமாக இருந்தது. டீச்சர் முன்னால் நின்றாள்.

“நீங்க அப்பவே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் சார். இப்படி ஆகும்னு யாரு கண்டா?”

அவர் பாஸை எழுதி நீட்டினார். சில்லறையை எண்ணி வைத்தார். டீச்சர் நகர்ந்ததும் அடுத்தவரின் அடையாள அட்டை கம்பிக்குள் வந்தது. படத்தைப் பார்த்தார். நிமிர்ந்தும் பார்த்தார்.

“அப்பா,” என்றாள் மகள்.

“எங்கேருந்து போறீங்க?”

“அப்பா, என்னப்பா இது...”

“பின்னாடி ஆள் நிக்குறாங்க. எங்கேருந்து போறீங்கன்னு சொல்லுங்க, எழுதணும்.”