கொடி இறங்கும் வரை

"எங்க அம்மாவுக்காக ஒரு பிரியதத்தம் சொல்லுங்க." மாலைச் செபம் முடிந்ததும் எங்கள் சின்னச் சாமியார் தினமும் இப்படிக் கேட்பார். தேவமாதாவை நோக்கிச் சொல்லும் மந்திரத்தை அந்தக் காலத்தில் நாங்கள் பிரியதத்தம் என்றுதான் சொல்வோம். பூசை வைக்கிறவர், ஊரார் பாவத்தையெல்லாம் காதில் வாங்கி மன்னிக்கிறவர், அந்த நேரத்தில் மட்டும் பீடத்தை விட்டு இறங்கி வந்து எங்களோடு தரையில் முழந்தாளிடுவார். வெள்ளைக்கார முகம், முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது, வெயிலில் உரிந்து சிவந்த மூக்கு. கோயில் நிறைய இருக்கும் கம்பங்கொல்லைச் சனங்கள் நாங்கள், கடலுக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த அம்மாளுக்காக ஒரே குரலில் மந்திரம் சொல்வோம்.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் அரை நாள் வந்தால் எங்கள் ஊர். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரான்சு தேசத்திலிருந்து வந்தவர் அவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. என் வீட்டுக்காரர் உபதேசியார். சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், சாமியார் போகிற இடமெல்லாம் கூடவே போவதும் அவர் வேலை. அதனால் சாமியாருடைய அன்றாடப் பாடு எனக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலைப் பூசை, பிறகு பங்களா வாசலில் காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா மாத்திரை, அப்புறம் சைக்கிளில் சுற்றுக் கிராமங்கள். மழை பெய்துவிட்டால் எங்கள் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. சைக்கிள் மனிதனைச் சுமந்தது போய் மனிதர் சைக்கிளைச் சுமந்து வருவார். கேழ்வரகுக் களியை முதல்முறை கொடுத்தபோது ரொட்டி மாதிரி மென்று மென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "மெல்லக்கூடாதுங்க சாமி, முழுங்கணும்" என்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு மாறாமலே இன்னொரு கவளம் விழுங்கினார்.

அவருடைய சபையில் வெளித்தேசத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போவதில்லை. ரயிலடியில் அம்மாவிடம் விடைபெற்றபோதே அது கடைசிப் பார்வை என்று இரண்டு பேருக்கும் தெரியுமாம். இதை அவர் வெயில் மழையைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. பெற்றவளை இப்படி விட்டுவிட்டு வருவது என்ன பக்தி என்று வீட்டில் சண்டைகூடப் போட்டேன். உலகச் சண்டைக் காலம் முழுவதும் ஊரிலிருந்து ஒரு சேதியும் அவருக்கு வரவில்லை. சண்டை ஓய்ந்தபின் வந்த முதல் சேதியே அம்மா எழுந்து நடமாட முடியாமல் கிடக்கிறாள் என்பதுதான். அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்தப் பிரியதத்தம்.

அந்த வருடம் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. மறுநாள் நடுப்பகலில், திருச்சியிலிருந்த, சபைக்குத் தலைவரான பெரிய சாமியாரின் சமையல்காரர் வியர்க்க விறுவிறுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய சாமியார் காய்ச்சலில் படுத்திருந்ததால் தாமே வர முடியவில்லையாம். சின்னவருடைய தாயார் தவறிவிட்டதாகத் தந்தி வந்திருக்கிறது, உபதேசியாரிடம் சொல்லிப் பக்குவமாக எடுத்துச் சொல்லச் சொன்னார் என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "போய்ச் சொல்லிடுங்க" என்றேன்.

"கொடி ஏறிடுச்சு புள்ள" என்றார்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய கட்டு. கொடி ஏறிவிட்டால், தேருக்குப் பொறுப்பானவர்களின் காதில் சாவுச் சேதி போடக்கூடாது. கொடி இறங்கிய பிறகுதான் சொல்ல வேண்டும். முந்தின வருடம் நாட்டாண்மைக்காரரின் கூடப்பிறந்த அக்காள் உடையார்பாளையத்துப் பக்கம் இறந்துபோனதை, அவர் வடம் பிடித்து முடிக்கிற வரைக்கும் ஊரே மூடி வைத்தது. தெரிந்தபின் அவர் யாரையும் கோபிக்கவில்லை. தேரை மந்திரிக்கிற சாமியாருக்கு மட்டும் வேறு முறையா என்பது என் வீட்டுக்காரரின் நியாயம்.

"அவரு வெளித்தேசத்துக்காரருங்க. நம்ம கட்டெல்லாம் அவருக்கு எதுக்கு?"

"அவர அந்நியருன்னு நெனச்சிருந்தா இந்நேரம் போய்ச் சொல்லியிருப்பேன். நம்ம வூட்டு ஆளுன்னு நெனக்கப்போயிதான் வாய் வரமாட்டேங்குது" என்றார். அவர் நாட்டாண்மைக்காரரிடம் சொன்னார். நாட்டாண்மைக்காரர் தம் சம்சாரத்திடம் சொன்னார். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஒருவரைத் தவிர.

அன்று மாலையும் செபம் முடிந்தது. சாமியார் வழக்கம்போல இறங்கி வந்து முழந்தாளிட்டார். "எங்க அம்மாவுக்குச் சொகம் கெடைக்க ஒரு பிரியதத்தம்." என் வீட்டுக்காரர்தான் தொடங்கினார். சனம் பின்னால் சொன்னது. எப்போதும் இரைச்சலாகச் சொல்கிற பெண்கள் பக்கம் அன்று முணுமுணுப்பாக இருந்தது. கொடி இறங்கும் வரை ஒவ்வொரு மாலையும் இது நடந்தது. திருவிழாக் களையில் அவர் முகம் நன்றாகவே இருந்தது. அம்மாவுக்கு இந்தத் தேரைக் காட்ட முடிந்தால் எப்படி இருக்கும் என்று என்னிடமே ஒருநாள் சொன்னார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கொடி இறங்கிய மறுநாள் காலை, பூசை முடிந்து அவர் வெளியே வந்தபோது ஊர் கலையாமல் நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார். எப்போது சேதி வந்தது என்று சாமியார் கேட்டார். அதையும் சொன்னார். ஏன் மறைத்தோம் என்பதையும் சொன்னார். சாமியார் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெனம் பூசை வெச்சேனே" என்றார். "ஒரு பூசைகூட அவ ஆத்துமத்துக்கு வெக்கலையே. செத்துப்போனவளுக்குச் சொகத்தக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேனே."

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குத் தாம் செய்தது என்னவென்று உறைத்தது. நம் வழக்கத்தில் துக்கத்தைத் தள்ளிப் போட்டால் அழுகைதான் தள்ளிப்போகும். சாமியாருடைய கணக்கில், மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமங்கள் பாவம் தீர வேதனைப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் பெற்ற தாய் மகனுடைய பூசைக்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பாள். என் வீட்டுக்காரர் அப்படியே மண்ணில் முழந்தாளிட்டுவிட்டார்.

நாட்டாண்மைக்காரர் சம்சாரம்தான் முன்னால் வந்தாள். "சாமி, நீங்க சொகத்துக்குன்னு கேட்டீங்க. நாங்க பொம்பளைங்க அவங்க ஆத்துமத்துக்குன்னுதான் சொன்னோம். ஒருநாளும் தவற வுடல. வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டோம்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருமா?"

"எல்லாருந்தான் சாமி. நீங்க சொல்லாத கொறையத்தான் நாங்க சொன்னோம்."

அவர் அழுதார். அதுவரை ஒரு வெள்ளைக்காரர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. சாவு வீட்டில் பெண்கள் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவது எங்கள் முறை. அவருக்கோ இங்கே அக்காள் தங்கை இல்லை, கட்டிக்கொள்ள ஆள் இல்லை. அதனால் பெண்கள் படியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, அவருக்குப் பதிலாக வாய்விட்டு அழுதார்கள். என் வீட்டுக்காரரை அவரே கையைப் பிடித்துத் தூக்கினார். பிறகு உள்ளே போய்ச் சாவுப் பூசைக்கான கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, பாடகர் இல்லாமல், தாமே பாடித் தம் தாய்க்குப் பூசை வைத்தார். பாதியில் குரல் நின்றுபோன இடங்களில் நாங்கள் காத்திருந்தோம்.

சில வருடங்களில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எங்களை அவர் குறையாக ஒரு வார்த்தை சொன்னதாக யாரும் கேள்விப்படவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், தம் மனது கேளாமல், சாகிற வரைக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு பிரியதத்தம் சொல்லாமல் படுத்ததில்லை.

போன வருடம் அவரும் போய்விட்டார். எங்கள் கடைசி மகன் சவுதியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. "இப்பச் சொன்னா பயபுள்ள அங்க தனியாத் தவிச்சுப் போயிடுவான். லீவும் கெடைக்காது. காரியம் முடிஞ்சு பதனமாச் சொல்லிக்கலாம்" என்றார் என் கொழுந்தனார். சுற்றி இருந்தவர்களும் அதுதான் சரி என்றார்கள். அவர்கள் மனதில் கள்ளம் இல்லை, பாசம்தான்.

"இப்பவே சொல்லணும்" என்றேன். ஊர்க்காரப் பையன்களைக் கூட்டிக்கொண்டு அரியலூர் டவுனுக்குப் போய், போன் கிடைக்கிற வரைக்கும் கடை வாசலில் காத்திருந்து நானே சொன்னேன். என் பிள்ளை அவ்வளவு தூரத்தில் தனியாக அழுவது கேட்டது. கடைக்காரர் நேரமாகிறது என்று கை காட்டினார். நான் போனை வைக்கவில்லை. அவன் அழுது முடிக்கிற வரைக்கும் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.