மாமனாருக்கு நான் சொன்ன யூதர் வழக்கம்

என் மூத்த மகனுக்கு ஞானஸ்நானத்தில் என் அப்பாவின் பெயரை வைக்கக் கேட்டேன். அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராதாபுரம் பக்கம் பனை ஏறி என்னை நர்சிங் படிக்கவைத்த மனுஷன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் மாமனார் சிரித்தார்.

"ஏட்டி, பனையேறி பேரையா வைக்கச் சொல்லுத? அதுவும் செத்தவன் பேரு! புள்ளைக்கு ஆகாது."

எங்கள் நிச்சயதார்த்தத்தில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடாமல் நிற்கவைத்தவரும் இவர்தான். பெயர் விஷயத்தில் என் கணவரும் அவருக்கே தலையாட்டினார். மூத்தவனுக்கு வேதாகமத்திலிருந்து ஒரு பெயர் வைத்தார்கள். இருக்கட்டும், உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்!

பிறகு நான்கு வருடம் இஸ்ரேலில் ஒரு யூதக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்கு, இறந்துபோன தன் அத்தையின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை, அவரைப்போல ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பிள்ளைக்கு வைக்கவே மாட்டார்களாம். வைத்தால் பெரியவரின் ஆயுள் குறையும் என்று பயம். வேறு தேசத்து யூதர்கள், உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரையே ஆசையாக வைப்பார்கள் என்றும் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு இளையவன் பிறந்தான். பாளையங்கோட்டை வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது மாமனார் அறிவித்தார்.

"இவனுக்கு என் பேருதான். தீர்க்கதரிசி பேருல்லா! அசல் யூதப் பேரு."

இதற்குத்தானே காத்திருந்தேன். பவ்வியமாக அவருக்கு மீன்குழம்பு ஊற்றினேன்.

"வைக்கலாம் மாமா. ஆனா நான் வேலை பாத்த யூத வீட்டுல உயிரோட இருக்கவிய பேரை வைக்க மாட்டாவ. வச்சா அந்தப் பெரியவிய ஆயுசு கொறஞ்சிருமாம். செத்தவிய பேருதான் வைப்பாவ, எங்க அப்பா பேரு மாதிரி."

தினமும் இரண்டு வேளை பிரஷர் பார்க்கிற மனுஷர். கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அவிய வழக்கம் நமக்கெதுக்குட்டி?"

"பேரு மட்டும் அவிய பேரு வேணுமோ மாமா?"

அந்த வேறு தேசத்து யூதர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை. பாவம்தான். ஆண்டவர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது குருவானவர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். மாமனாரே முந்திக்கொண்டு என் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

இளையவனுக்கு இப்போது மூன்று வயது. தினமும் காலையில் மாமனார் அவனுக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்: "வாங்கய்யா, இங்கன இருங்க."

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இன்னும் போதவில்லை.