அவள் கேட்ட பிரெஞ்சு இதழ்

திருப்பதியில் ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கும் என் மகளின் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியது. புண் ஆறிவிட்டது. ஆனால் போன் அடித்தால் இன்னும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன்.

புண் ஆறும்வரை சித்தூரில் எங்களோடு இருந்த நாட்களில், ஓட்டல் சமையல்காரர்கள் படிக்கும் பிரெஞ்சு இதழ் வேண்டும் என்றாள். படிக்க ஏதாவது இருந்தால் வீட்டிலேயே தங்கிவிடுவாள் என்று நானும் தேடினேன். முதலில் வாங்கி வந்ததைப் பார்த்துச் சிரித்தாள். "நைனா, இது வீட்ல சமைக்கிறவங்களுக்கு. நாலு பேருக்குத்தான் அளவு போட்டுக்கீது."

அவள் கேட்டது திருமலை அடிவாரத்தில் அலிபிரி பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. அட்டையில் மாட்டுக்கறி. பஸ்ஸில் மொட்டையடித்த பக்தர்களுக்கு நடுவே அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் போனைப் பக்கத்தின் மேல் பிடித்து மொழிபெயர்த்துப் படித்தாள். நான் ஏதோ சமையல் குறிப்பு என்று நினைத்தேன்.

"எண்ணெச் சட்டிய எங்க வெக்கணும், யாரு எந்தப் பக்கம் நடக்கணும்னு படம் போட்டுக்கிறாங்க நைனா. திங்கக்கிழமை போய் எங்க ஓட்டல்ல காட்டப்போறேன்."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் படத்தில் விரலை வைத்தாள். "அன்னிக்கு நான் இங்க நின்னுக்கினு இருந்தேன்."

அதுவரை அந்த நாளைப் பற்றி அவள் எங்களிடம் பேசியதே இல்லை.

"சட்டிய எங்க தள்ளி வெக்கணும்மா?" என்று கேட்டேன்.