ஆவடியிலிருந்து திருவேற்காட்டுக்கு அப்பா போன சுற்றுவழி

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஆவடியிலிருந்து திருவேற்காடு கோயிலுக்குப் போக எது நல்ல வழி, எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் நான் அந்த ஊருக்கு முதன்முதலாகப் போனது 1974 ஐப்பசியில், அப்பாவோடு. எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தூரத்துக்கு எங்களுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. அதைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வழி மட்டும் போதும் என்கிறவர்கள் கட்டுரையின் கடைசிப் பக்கமாகப் போய்த் தேடிக்கொள்ளலாம். நானும் பொறுமை இல்லாத ரகம்தான், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது எனக்குத் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அம்மாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. அப்பா வீடு தங்குவதில்லையாம். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாயங்காலச் சங்குக்குத்தான் திரும்புகிறாராம், எங்கே போனீர்கள் என்று கேட்டால் பதிலே இல்லையாம். பெற்ற மகள் நீயே வந்து கேள் என்று முடித்திருந்தாள். இரண்டு நாள் லீவு போட்டேன். ராத்திரி வண்டியில் எழும்பூர் வந்து, சென்ட்ரலுக்கு மாறி, கரி வண்டியில் ஆவடி போய் இறங்கியபோது செவ்வாய்க்கிழமை காலை மணி ஏழரை. முகமெல்லாம் கரி.

அந்தக் காலனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணுவ டிப்போவில் வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எங்கிருந்தோ வந்தவர்கள், சொந்த ஊருக்குத் திரும்ப மனமில்லாமல், ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆளுக்கொரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். நாற்பது வீடு இருக்கும். எல்லா வீட்டிலும் ஒரு பென்ஷன்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தொழிற்சாலைச் சங்கிலிருந்து ஓய்வு பெறவில்லை. முதல் சங்குக்கு முகச்சவரம், மத்தியானச் சங்குக்குச் சாப்பாடு. மழையில் ஒருநாள் சங்கு கேட்காமல் போய் இரண்டு பேர் பட்டினி கிடந்ததாக அம்மா சொன்னாள். அம்மா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

காலனிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சிறுபாலம். அதன் கட்டைச்சுவர்தான் அவர்களுடைய செய்தி நிலையம். யாருக்குப் பென்ஷன் வரவில்லை, எந்தக் கிணறு உப்பாகிவிட்டது, யார் மகன் பிலாய் உருக்காலையிலிருந்து லீவில் வருகிறான், எல்லாம் காலை ஒன்பதுக்குள் அங்கே தெரிந்துவிடும். டிப்போவின் பழைய ஆட்கள் சிலர் காலனிக்கு வராமல் கொரட்டூர், அம்பத்தூர், திருவேற்காடு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அவர்கள் செய்தியை இங்கே கொண்டு வருவதும் அப்பா தானாக எடுத்துக்கொண்ட வேலை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் போவார். இப்போது தினமும் என்பதுதான் அம்மாவின் புகார்.

மறுநாள் புதன்கிழமை காலை அம்மா என்னை மூலை வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க அழைத்துப் போனாள். கண்ணையன் மாமா இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவரும் அப்பாவும் நாயுடு மாமாவும் உலக யுத்த காலத்தில் ஒரே நாளில் டிப்போவில் சேர்ந்தவர்கள். இருபத்தைந்து வருஷம் ஒரே சைக்கிள் ஸ்டாண்டு, ஒரே டீக்கடை. காலனி மனைகளுக்குச் சீட்டுக் குலுக்கியபோது, நாயுடு மாமா ஆசைப்பட்டிருந்த மூலை மனை கண்ணையன் மாமாவுக்கு விழுந்தது. குலுக்கியது அவருடைய மச்சான். அது போதாதா? இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நாயுடு மாமா திருவேற்காட்டில் போய் வீடு கட்டிக்கொண்டார். ஆறு வருஷம் பேச்சில்லை. இருவருக்கும் நடுவில் அப்பா மட்டும் போய் வந்துகொண்டிருந்தார்.

கண்ணையன் மாமாவின் மனைவி ராஜம்மா அத்தை பாயில் உட்கார்ந்திருந்தார். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நாயுடு அண்ணனுக்குச் சொல்லியாச்சா?"

அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டதாக அம்மா பதில் சொன்னாள். எல்லாரிடமும் அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"சொல்லியும் வரலையே" என்றார் அத்தை. "செத்த பிறகும் பகையா? சனிக்கிழமை கருமாதி. அதுக்காவது வருவாரா?"

எழுந்தபோது நான் பழக்கதோஷத்தில் "போய்ட்டு" என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்லக் கூடாது, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வர வேண்டும். தெரிந்ததுதான், அந்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால் அப்பா குடையோடு தயாராக இருந்தார். இன்றைக்கு எங்கே என்று கேட்டேன். திருவேற்காடு, நாயுடுவைப் பார்க்க என்றார். நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டேன். ராத்திரி வண்டியில் எனக்குத் திருச்சி டிக்கெட் இருந்தது. திருவேற்காடு பக்கம்தானே, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் 8.50 வண்டியில் கொரட்டூர். இது திருவேற்காட்டுக்குப் போகிற வழியே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கரை ஓரமாக ஒரு பழைய ஸ்டோர் கீப்பர் வீடு. அங்கே ஒரு மணி நேரம் பென்ஷன், கிணறு, பிலாய். கண்ணையன் மாமாவின் சாவைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை பேசியிருந்தார்கள், மறுபடியும் பேசினார்கள். கிளம்பும்போது அப்பா படியில் ஒருதரம், கேட்டில் ஒருதரம், தெருமுனையில் திரும்பி ஒருதரம் "போய்ட்டு வரேன்" சொன்னார். இவர் எப்போதுமே அப்படித்தான்.

அங்கிருந்து வந்த வழியிலேயே திரும்பி அம்பத்தூர். இன்னொரு பென்ஷன்காரர், இன்னொரு காபி, வற்புறுத்திப் போட்ட சாப்பாடு. மறுபடியும் மூன்று "போய்ட்டு வரேன்." பிறகு பஸ். வேலப்பன்சாவடியில் இறங்கினால் திருவேற்காடு மூன்று கிலோமீட்டர் என்று கண்டக்டர் சொன்னார். அப்பா இறங்கவில்லை. பூந்தமல்லி மார்க்கெட்டில் சாத்துக்குடி நன்றாக இருக்கும் என்று அங்கே வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். அரை டஜன் சாத்துக்குடியை முக்கால் மணி நேரம் பொறுக்கினார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி வேலப்பன்சாவடிக்குத் திரும்பியபோது மணி மூன்று.

சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றரை ரூபாய். நான் பேரம் பேசுவதற்குள் ரிக்‌ஷாக்காரர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா நைனா, இன்னிக்கும் இந்தப் பக்கமா? ஆவடிலேந்து நேரா காடுவெட்டில எறங்கிகினா பக்கம்தானே. இன்னாத்துக்கு ஊரச் சுத்திகினு வர்ர?"

அப்பா மழை வரும்போல இருக்கிறது என்றார். ரிக்‌ஷாக்காரர் விடவில்லை, மிதித்துக்கொண்டே என்னிடம் திரும்பினார்.

"போன வாரம் ரெண்டு தபா வந்தாரும்மா. ரெண்டு தபாவும் அந்தத் தெரு மொனைல ஊட்டப் பாத்துகினே நின்னாரு. அப்பால வண்டியத் திருப்புன்னுட்டாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாயுடு மாமாவுக்குச் சொல்லவே இல்லையா என்று கேட்டேன். அப்பா குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். போன மாசம் நாயுடு மாமா ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாராம். தீபாவளிக்குக் கண்ணையனைக் கூட்டிக்கொண்டு வா, பழசெல்லாம் போகட்டும் என்று. அப்பா அதைச் சொன்னதும் கண்ணையன் மாமா சிரித்துவிட்டு, தீபாவளி வரைக்கும் எதற்கு, ஞாயிற்றுக்கிழமையே போகலாம் என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாரடைப்பு.

"எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா. அவ்வளவுதான். ராஜம்மா அத்தை பன்னிரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கோயிலைத் தாண்டி கூவம் பக்கமாக ஓட்டு வீடு. நாயுடு மாமா கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு. இரண்டு மாதமாக அவர் வாசல் தாண்டவில்லை, அப்பாவைத் தவிர டிப்போ ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதுமில்லை. என்னைப் பார்த்து, குந்து கண்ணு என்றார். மருமகள் காபி கொடுத்தாள். அப்பா பென்ஷனில் தொடங்கினார், கிணற்றுக்குப் போனார், பிலாய்க்கும் போய்விட்டார். நாயுடு மாமா எதையும் காதில் வாங்கவில்லை.

"அத்தெல்லாம் வுடு. அவன் இன்னா சொன்னான்?"

"வரேன்னான்" என்றார் அப்பா.

நாயுடு மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு வேட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அப்பா மடியில் வைத்தார். "தீவாளிக்கு அவனுக்கு எட்த்து வெச்சிகீறேன். செவப்புக் கரதான் கட்டுவான்." அப்பா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். நானே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தவள், சாத்துக்குடி வாங்கி வந்திருக்கிறோம் என்றேன். வீராப்பெல்லாம் ரிக்‌ஷாவோடு சரி.

அப்பா வேட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார். குடையை எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். படியில் ஒரு கணம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கிக் கேட்டை நோக்கி நடந்தார். நானும் ஒன்றும் சொல்லாமல் பின்னால் போனேன்.

"யோவ், சொல்லிக்காம போற?" என்று நாயுடு மாமா சிரித்தார். அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், திரும்பவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. நாயுடு மாமா என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"யாரு?" என்றார். கட்டிலில் கிடந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, "அவனா?"

அப்பா திரும்பிவந்து கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு நாள் ஆயிற்று என்றும், கண்ணையன் வரேன் என்று சொன்னது சத்தியம் என்றும் சொல்லிவிட்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். காலையிலிருந்து அவர் மேல் பட்ட எரிச்சலுக்கெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் சாவுச் செய்தி சொன்னவர், இந்த ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் கண்ணையன் மாமா நிஜமாகவே போய்விடுவார் என்று பயந்திருக்கிறார்.

நாயுடு மாமா வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதலில் ராஜம்மா அத்தையைப் பற்றித்தான் பேசினார்.

"எழவுக்குக் கூட வர்லன்னு அந்தப் பொண்ணு நென்ச்சிகினு இருக்குமேபா." பிறகு மருமகளிடம், ரிக்‌ஷா வெளியில் நிற்கிறதா பார் என்றார்.

திரும்பிய வழியைத்தான் அந்த வாசகருக்குச் சொல்கிறேன். திருவேற்காட்டிலிருந்து காடுவெட்டிக்கு ரிக்‌ஷா, இருபது நிமிஷம். அங்கே பூந்தமல்லியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் ஆவடி. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது ரிக்‌ஷாவுக்குப் பதில் ஷேர் ஆட்டோ, நெரிசல் இல்லாவிட்டால் அரை மணியில் போகலாம். காலையில் சீக்கிரம் போங்கள், ஆடி மாதமும் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் தாங்காது. பஸ் நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கேளுங்கள். அப்பா போன வழியில் மட்டும் போகாதீர்கள்.

அன்று ஆவடியில் இறங்கி, அங்கே பிடித்த ரிக்‌ஷாவில் நானும் நாயுடு மாமாவும் உட்கார, என்னை ஏறச் சொல்லிவிட்டு அப்பா பக்கத்தில் கூடவே நடந்து வந்தார். வேட்டி நாயுடு மாமாவின் மடியில் இருந்தது. சாயங்காலச் சங்கு ஊதி வெகுநேரம் கழித்துக் காலனிக்குள் நுழைந்தோம். சிறுபாலத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நாயுடு மாமா மூலை வீட்டு வாசற்படியில் கட்டுப் போட்ட காலை எடுத்து வைத்தார். வேட்டியைக் கண்ணையன் மாமாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

அப்பா ராஜம்மா அத்தையிடம், தப்பு தன்னுடையது என்று தொடங்கினார். நாயுடு மாமா முடிக்கவிடவில்லை.

"காலு புண்ணும்மா. நடக்க முடில. அதான் லேட்டு."

அத்தை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, அப்பா, நான், மூன்று பேரும் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் எழுந்தோம். எனக்கு வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாயுடு மாமா கடைசியாக எழுந்து, படி வரைக்கும் நொண்டி வந்து, நின்று திரும்பினார்.

"நாளைக்கு வரேம்மா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்மா திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள். அந்த வீட்டில் சொல்லக் கூடாத சொல். ராஜம்மா அத்தை பாயிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் வந்தார்.

"வாங்கண்ணா" என்றார்.