வாரேன் என்று சொன்னது

போர்வெல் வண்டியோடு மொசாம்பிக் போன என் தம்பி அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். அவன் மகளுக்கு இப்போது ஐந்து வயது. 'அத்தை' என்ற ஒரு சொல்லைத் தவிர அவள் பேசுவதெல்லாம் போர்த்துகீசியம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வீடியோ காலில் சிரித்துக்கொண்டே இருப்பது? அவளோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டுமென்று போனில் மொழி கற்றுத்தரும் ஓர் ஆப்பை இறக்கினேன்.

அந்த ஆப் தமிழில் இல்லை. என் அரைகுறை இங்கிலீஷ் வழியாகத்தான் போக வேண்டும். வருவதற்கு 'வீர்' என்று ஒரு வினைச்சொல். நான் வந்தால் வென்யு, அவன் வந்தால் வெய்ம், நேற்று வந்திருந்தால் வேறொன்று. ஒரு ஆள் வந்து சேர இத்தனை வேஷமா என்று பற்றிக்கொண்டு வந்தது. அஸ்தம்பட்டி பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்து சீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

பேச்சை முடிக்கும்போதுதான் பெரிய தொல்லை. 'வோ' என்று சொல்லச் சொன்னது ஆப். போகிறேன் என்று அர்த்தமாம். பச்சைக் குழந்தையிடம் போறேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எங்கள் பக்கம் எங்கே கிளம்பினாலும் வாரேன்தான். தேடிப் பிடித்து 'ஜா வென்யு' என்றேன். இதோ வாரேன். அவளும் தலையாட்டினாள். ஒவ்வொரு முறையும் அதையே சொல்லி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் தம்பி கூப்பிட்டான். எடுத்த எடுப்பில் சண்டை.

"ஏனுங்க்கா, அவகிட்ட என்னத்தச் சொல்லித் தொலைக்கிறீங்க? நீங்க வெச்சதும் போனை மடியில வெச்சுட்டு உக்காந்துக்கறா. சோத்துக்குக் கூப்பிட்டாலும் எந்திரிக்கறதில்ல. அத்தை இப்பத் திரும்பி வந்துருவாங்கங்கறா."

"வாரேன்னுதானடா சொன்னேன்."

"இங்க அப்படிச் சொன்னா அடுத்த நிமிசம் வரோணுங்க. சும்மாச் சொல்லக்கூடாது."

எனக்கு வந்த கோபம் ஆப்பின் மேலா, அந்த மொழியின் மேலா, தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"நீயும் அன்னிக்கு அம்மாகிட்ட வாரேன்னுதானடா சொல்லிட்டுப் போனே. அவங்க சாவுக்குக்கூட வரலையே."

  

"வரோணும்னுதாங்க்கா இருந்தேன்" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

குழந்தை போனைப் பிடுங்கினாள். அத்தை என்று கூப்பிட்டு, அவசரமாக என்னவோ கேட்டாள். அப்பா ஏன் அழுகிறார் என்றுதான் கேட்டிருப்பாள். பதில் சொல்ல எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் வரவில்லை.