கஞ்சி போட்ட கத்திப்பிடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகாபலிபுரம் கடற்கரையில், நான் செய்து கொடுத்த கத்திப்பிடி கன்னியம்மாள் கையிலேயே ஏடு ஏடாகப் பிரிந்தது. உள்ளங்கையில் ஒரு கீறல் வேறு.

கன்னியம்மாள், செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்குக் கருவாடு கொண்டு வருகிறவள். கடற்கரைக் கிடங்கில் கருவாட்டுக்கு மீன் கீறுவதுதான் அவளுடைய முக்கிய வேலை. போன வருஷம் மரப்பிடி வழுக்கி, கத்தி கையில் இறங்கிவிட்டது. அதிலிருந்து இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. மெல்லிய பிடி அவள் கையில் நிற்காது. இந்த சீசனில் கத்தி பிடிக்க முடியாவிட்டால் உப்புக் கூடை சுமக்கத்தான் கூப்பிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

நான் பட்டணத்தில் சுவிட்சு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறேன். துணியைப் பேக்லைட் வார்னிஷில் நனைத்து, உலர்த்தி, அடுக்கி, அழுத்திச் சூடாக்கினால் கட்டை மாதிரி இறுகிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறாது. வேண்டிய பருமனுக்கு அராவிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது அதுதானே?

தேவையானவை: மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிய வார்னிஷ் ஒரு டப்பா, இரும்புத் தகடுகள், இறுக்க போல்ட், பழைய பருத்தித் துணி, ஓர் அடுப்பு. துணிக்கு அப்பாவின் வேட்டி. அடுப்புக்கு ரொட்டிக் கடை. ரொட்டியெல்லாம் எடுத்த பிறகு கடைக்காரர் சம்மதித்தார். நாற்றம் கிளம்பியதும், இனி இந்தப் பக்கமே வரவேண்டாம் என்றார்.

கட்டை தேன் நிறத்தில் பளபளவென்று வந்தது. அறுத்து, அராவி, கத்தியில் பொருத்தினேன். எனக்குப் பெருமைதான்... முதல் கூடை மீன் முடிவதற்குள் பிரிந்துவிட்டது.

டிங்க்சர் அயோடின் எப்போதும் என் பையில் இருக்கும் — லேப் பழக்கம். அவள் கையில் தடவும்போது ஒரு சொட்டு, கீழே கிடந்த பிடியின் மேல் விழுந்தது. பிரிந்த ஏட்டில் கருநீலம் படர்ந்தது.

அயோடின் பட்டுக் கருநீலமானால் அங்கே மாவுச்சத்து இருக்கிறது. வேட்டியில் மாவுச்சத்தா? ஏன் இருக்காது? எங்கள் வீட்டில் வேட்டி, புடவை, தலையணை உறை — எதையுமே அம்மா கஞ்சி போடாமல் கொடியில் போடுவதில்லை. நூலுக்குள் கஞ்சி உட்கார்ந்திருக்க, வார்னிஷ் மேலோடு நின்றுவிட்டது.

கன்னியம்மாளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எங்க வூட்ல கஞ்சிய நாங்க குடிக்கிறோம் பாப்பா. உங்க வூட்ல துணி குடிச்சிகினு கீது" என்றாள். கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை இறுக்கிக்கொண்டு, "வர்ற ஞாயித்துக்கெழம மேஸ்திரி ஆள் எடுக்கறாரு. அதுக்குள்ள ஆவுமா, இல்ல நான் கூடையத் தேடட்டுமா?"

ஆகும் என்றேன்.

இந்தத் தடவை அப்பாவின் இன்னொரு வேட்டியை எடுத்து, முதலில் வெந்நீரில் கொதிக்கவைத்து அலசினேன். அயோடின் சொட்டினேன் — நீலம். மறுபடி கொதி, மறுபடி அலசல்... நீலம் வராமல் போகும் வரை விடவில்லை. ரொட்டிக் கடைக்காரரைச் சமாதானப்படுத்தியது தனிக் கதை.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி பார்க்க, கன்னியம்மாள் உட்கார்ந்து ஒரு கூடை வஞ்சிரத்தையும் கீறி முடித்தாள். விரல்கள் மடங்கவில்லை, ஆனால் பிடி நழுவவும் இல்லை. மேஸ்திரி கத்தியை வாங்கி, ஈரப் பிடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது இன்னா மரம்மே?"

"மரமில்ல அண்ணாத்த. பாப்பாவோட நைனா வேட்டி."

அவர் சிரிக்கவில்லை. கத்தியை அவளிடமே கொடுத்து, கீறுகிறவர்கள் வரிசையில் உட்காரச் சொன்னார்.

எந்த வேலைக்கும் தேவையானவற்றைக் கவனமாகக் குறித்துக்கொள்கிறோம். வீட்டில் தினமும் நடக்கிற ஒன்று மட்டும் அதில் ஏறுவதே இல்லை. அது கண்ணில் பட்டால்தானே?

அப்பா ஒரே ஒரு வேட்டிதான் காணோம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.